டெல்லிக்காரர் வந்த பள்ளம்

ஊரே பல் துலக்கிக்கொண்டிருக்கிற காலை ஆறு மணிக்குச் சவுரியம்மாள் ஏணியில் ஏறிக்கொண்டிருப்பாள். ஐந்து வருடமாக அதுதான் அவளுடைய உத்தியோகம். கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அவளுடைய ஊர். ஊர் நடுவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற கோதண்டபாணியின் மில். மில்லின் மொட்டைமாடியில் பால் கேன் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அது நாள் முழுக்கக் காற்றை இழுத்து இழுத்து, அதில் எவ்வளவு தூசு இருக்கிறதென்று எண் போட்டுக் காட்டும். சவுரியம்மாள் அந்த எண்ணை நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும்.

“நம்பரப் பெட்டி சொல்லிடும் சவுரியக்கா. ஏன்னு அதுக்குத் தெரியாது. அத நீங்கதான் சொல்லணும்,” என்று முதல் நாளே பிராமி சொல்லிவைத்தாள்.

பிராமி யாரென்றால் கண்ணுகளா, திண்டிவனத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்து, காற்றும் தண்ணீரும் மனுஷ உடம்பை என்ன செய்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவள். டாக்டர் பட்டம் உண்டு, ஊசி கிடையாது. அது தெரியாமல் முதல் ஆறு மாதம் ஊர்க்காரர்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். மூச்சை அளக்க அவள் கொண்டுவந்த ஊதுகிற மிஷினைப் பார்த்ததும் ஆம்பிளைகள் எல்லாரும் கொல்லைமேட்டுப் பக்கம் ஓடினார்கள். ஹைவேயில் போலீஸ்காரர் ராத்திரி வண்டியை நிறுத்தி வாயில் வைக்கிற மிஷினும் அதே மாதிரிதானே இருக்கிறது. அதெல்லாம் பழைய கதை. இப்போது ஆராய்ச்சியில் சேர்ந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று, யார் அதிகம் ஊதுகிறார்கள் என்று பந்தயம் கட்டி ஊதுகிறார்கள்.

இதற்கெல்லாம் டெல்லியிலிருந்து அரசாங்க உதவி வருகிறது. சாதாரணமாக இந்த மாதிரி வேலைக்கு இரண்டு வருடம், மூன்று வருடம் என்றுதான் கொடுப்பார்களாம். ஆம்பிளைகள் கொல்லைமேட்டிலிருந்து திரும்பி வருவதற்குள் அது தீர்ந்துபோகும். பிராமிக்குக் கிடைத்தது பத்து வருட உதவி. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போகும்வரை அதன் நெஞ்சு எப்படி வளர்கிறது, தூசு அதை என்ன செய்கிறது என்று கூடவே இருந்து பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். ஐந்து வருடம் முடிந்ததும் ஒரு குழு நேரில் வரும். அவர்களுக்குத் திருப்தியென்றால் மிச்சம் ஐந்து. இல்லையென்றால் பெட்டியைக் கழற்ற வேண்டியதுதான். பிள்ளைகளை அளந்தது பாதியில் நிற்கும். பாதி அளந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம், அதுவரை ஊதியதெல்லாம் காற்றோடு போச்சு.

அந்தக் குழு வியாழக்கிழமை வருகிறது என்று கடிதம் வந்தது. பிராமி சவுரியம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னது ஒரே ஒரு விஷயம். “எப்பவும் போல இருங்கக்கா. ஒண்ணும் பண்ண வேணாம்.”

சவுரியம்மாள் போனை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒண்ணும் வேணாம் என்று ஒருத்தர் சொன்னால் உடனே உலை வைக்க வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது? காபியெல்லாம் எதுக்குங்க என்கிறவருக்குத்தானே பெரிய டம்ளரில் கொடுக்கிறோம். டாக்டரம்மா கூச்ச சுபாவம், வாய் திறந்து கேட்கிற பெண் இல்லை. நாமாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.

அன்றைக்கே மில் வாசலில் ஊர் கூடியது. கலெக்டர் வந்தபோது என்னென்ன செய்தோம் என்று எல்லாரும் யோசித்துச் சொன்னார்கள். அதையெல்லாம் செய்வது, டெல்லி கலெக்டரைவிடப் பெரிது என்பதால் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு செய்வது என்று முடிவாயிற்று. தூசைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் கண்ணில் ஒரு பொட்டுத் தூசு படக்கூடாது. பட்டால் டாக்டரம்மாவுக்குத்தானே அசிங்கம்? ஐந்து வருடம் இந்த ஊரை வைத்துக்கொண்டு என்ன கிழித்தாய் என்று கேட்டுவிட்டால்?

கோதண்டபாணி மல்லாட்டை சீசன் நடுவிலே மூன்று நாள் மில்லை நிறுத்தினார். அவர் மகள் கல்யாணத்துக்கே ஒரு நாள்தான் நிறுத்தியவர். மலைபோலக் கிடந்த மல்லாட்டைத் தோலைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டினார்கள். சவுரியம்மாளின் வீட்டுக்காரர் பிரான்சிஸ் பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவர் காலையும் மாலையும் தெருத்தெருவாகத் தண்ணீர் அடித்தார். டிராக்டர்களை அடுத்த ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். வியாழக்கிழமை யாரும் அடுப்பு மூட்டக்கூடாது என்று தண்டோரா மாதிரி வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்தார்கள். பவுடர் மிச்சமானதால் மில்லின் கக்கூஸ் வரைக்கும் ஒரு கோடு போட்டார்கள்.

பிராமி வரவேற்புக்காக அல்ல, விளக்குவதற்காக ஐந்து வருட வரைபடத்தை ஒரு பெரிய ஃப்ளெக்ஸில் அடிக்கச் சொல்லித் திண்டிவனத்துக் கடைக்கு அனுப்பியிருந்தாள். வாங்கிவரப் போன சவுரியம்மாளுக்கு அது சப்பென்று இருந்தது. டெல்லியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவர் மீதியைப் பார்த்துக்கொண்டார். மேலே ‘வருக வருக’. ஒரு ஓரத்தில் பிராமி ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றாள், பின்னால் இரண்டு குதிரைகள். கீழே, ஊதுகிற இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நடுவில் வரைபடம், மேடும் பள்ளமுமாக.

புதன்கிழமை ராத்திரி மழையும் தன் பங்குக்கு வந்து கழுவிவிட்டுப் போயிற்று. வியாழன் காலை சவுரியம்மாள் ஏணியேறிப் பார்த்தாள். சீசனில் நூற்றைம்பது, நூற்றெண்பது காட்டுகிற பெட்டி ஒன்பது காட்டியது. ஒன்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். காற்று அவ்வளவு சுத்தமாக இருந்ததால் பெருமுக்கல் மலைக்கோயில் இங்கிருந்தே தெரிகிறதென்று பிரான்சிஸ் கீழிருந்து கத்தினார். அது செல்போன் டவர். இருந்தாலும் ஊரே திரும்பி நின்று ஒரு கும்பிடு போட்டது.

பத்து மணிக்குக் கார் வந்தது. குழுவில் மூன்று பேர். தலைவர் டெல்லிப் பேராசிரியர், தென்னைமரம் மாதிரி உயரம், தமிழ் தெரியாது. அவருக்கு மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து அரங்கநாதன் என்கிற விஞ்ஞானி. மூன்றாவதாக ஒரு அம்மாள், எதுவும் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்களோடு இறங்கிய பிராமி, ஈரத் தெருவைப் பார்த்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள். சத்தமில்லாத மில்லைப் பார்த்தாள். குதிரைகளுக்கு முன்னால் நிற்கிற தன்னையும் பார்த்தாள்.

சவுரியம்மாள் பெருமையாகச் சிரித்தாள். பிராமி சிரிக்கவில்லை.

தலைவர் ஏணியில் மாடிக்கு ஏறினார். பிளீச்சிங் பவுடரை மிதித்த பூட்ஸ் படிக்குப் படி வெள்ளைத் தடம் போட்டது. பெட்டியைக் குனிந்து பார்த்தவர் பெரிதாகச் சிரித்து என்னவோ சொன்னார். அரங்கநாதனும் சிரித்தார். இந்த மாதிரிக் காற்றைத் தன் ஆயுசில் சுவாசித்ததில்லை, ரிடையர் ஆனதும் இங்கேயே வந்து வீடு கட்டப்போவதாகத் தலைவர் சொல்கிறாராம். சவுரியம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் தலைவர் பிராமியைப் பார்த்து இன்னொன்று கேட்டார். இந்தத் தடவை அரங்கநாதன் சிரிக்கவில்லை.

“இன்னா சார் சொல்றாரு?” என்று சவுரியம்மாள் கேட்டாள்.

“தூசே இல்லாத ஊருக்கு இன்னும் அஞ்சு வருஷம் எதுக்குன்னு கேக்கறாரும்மா.”

நான்தான் கெடுத்தேன் என்று சவுரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மாடி விளிம்புக்கு ஓடிக் கீழே நின்ற கோதண்டபாணியிடம், காரியம் கெட்டுவிட்டது, இவர்களுக்குத் தூசு வேண்டுமாம் என்றாள்.

அவர் மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷர். தூசா, இதோ வர்றேன் என்று ஓடினார். தார்ப்பாயின் கயிற்றை அறுத்தார். மேலே இருந்த தோல்தான் ஈரம், அடியில் எல்லாம் மூன்று நாளாக மூடிக் காய்ந்து மாவாகக் கிடந்தது. நாலு பேர் முறத்தை எடுத்துக்கொண்டு தோல் மேட்டில் ஏறித் தூற்ற ஆரம்பித்தார்கள். மில் மோட்டாரும் உறுமியது. பிரான்சிஸ் இதுவரை நனைத்த தெருவை எப்படிக் காயவைப்பது என்று தெரியாமல் கல்யாண மண்டபத்து ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலைவர் ஒரு தும்மல் போட்டார். இரண்டு, மூன்று என்று ஊரே எண்ணியது. பதினொன்றில் நின்றார். மீசையில் மல்லாட்டைத் தோல்.

“நிறுத்துங்கண்ணே,” என்றாள் பிராமி. அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை, அதனால் மோட்டார்கூட உடனே நின்றுவிட்டது. “காலைல இருந்ததும் பொய், இப்ப இருக்கறதும் பொய். ரெண்டையும் நான் காட்ட மாட்டேன்.”

அப்புறம் அவள் தலைவர் பக்கம் திரும்பி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். இவர்கள் உங்களுக்காக ஊரைக் கழுவிவைத்தார்கள், இப்போது எனக்காகத் தூசு கிளப்புகிறார்கள், தப்பு என்னுடையது, நான் இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று அரங்கநாதன் சொல்லித்தான் சவுரியம்மாளுக்குத் தெரிந்தது.

தலைவர் மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டது நியாயமான கேள்விதான். அப்படியானால் இந்த ஊரின் நிஜமான காற்று எது? அதை நான் எப்படி நம்புவது?

பிராமி ஃப்ளெக்ஸைக் காட்டினாள். எல்லாரும் கீழே இறங்கி அதன் முன்னால் வந்து நின்றார்கள். தலைவர் இன்னும் சந்தேகமாகவே இருந்தார். கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் கோடு இழுக்கலாமே என்கிற மாதிரி, நீட்டின விரலால் ஒரு பெரிய மேட்டைத் தொட்டார்.

“அது போகி சார்,” என்றாள் சவுரியம்மாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. “டயரு கொளுத்தனாங்க. கொளுத்தனது யாருன்னும் தெரியும், இங்கதான் நிக்கறாரு.”

கூட்டத்தில் விருத்தாசலம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்.

தலைவர் இன்னொரு மேட்டைத் தொட்டார். அது தன் மகள் சங்கவியின் கல்யாணம், பத்தாயிரம் வாலா என்று கோதண்டபாணி மார்பை நிமிர்த்தினார். ஒரு குட்டி மேட்டைத் தொட்டார். அது ஆயுத பூஜை. பெட்டியும் ஆயுதம்தானே என்று அதன் மூக்குக்கு நேராகச் சூடம் காட்டினது. ஒவ்வொரு வருட ஆயுத பூஜைக்கும் அதே மேடு இருந்தது. தலைவருக்கு இப்போது விளையாட்டாகிவிட்டது. இது, இது என்று தொட்டுக்கொண்டே போனார். கீழே பாஸ்போர்ட் சைஸில் இருந்தவர்கள் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து, அது எங்க வீடு இடிச்சது, அது எங்க கெடா வெட்டு என்று உரிமை கொண்டாடினார்கள். ஒரு மேட்டுக்கு இரண்டு குடும்பம் சண்டை போட்டது. சவுரியம்மாள் நோட்டைப் பிரித்துத் தேதி பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். எழுதுகிற அம்மாள் அந்த நோட்டை வாங்கி, தேதி தேதியாக வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இந்தப் பள்ளம்?” என்று அரங்கநாதன் கேட்டார்.

மூன்றாம் வருடம் மில் மோட்டார் எரிந்துபோய் ஐந்து வாரம் ஓடவில்லை. தூசுக் கோட்டுக்கு அடியில் போட்டிருக்கிற, பிள்ளைகள் அந்த மாதம் ஊதிய கோட்டை மட்டும் பாருங்கள் என்றாள் பிராமி. தலைவர் பார்த்தார். பிள்ளைகளின் மூச்சு ஏறியிருந்தது. மோட்டார் ஓடியதும் இறங்கியிருந்தது. அவர் சிரிப்பு நின்றது, விரலால் அந்த ஏற்றத்தை மறுபடி ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

கடைசியில், கோட்டின் நுனியில், ஃப்ளெக்ஸ் முடிகிற இடத்தைத் தொட்டு, இன்றைக்குக் காலையின் ஒன்பதை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டார்.

சவுரியம்மாள் பேனாவை எடுத்தாள். ஃப்ளெக்ஸ் ஓரத்தில், குதிரையின் வால் பக்கத்தில், கீழே இறக்கி ஒரு பள்ளம் போட்டாள்.

“இது நீங்க வந்த பள்ளம் சார்,” என்றாள். “ஒரு நாள் வந்து பாத்தா நாங்க இப்பிடித்தான் இருப்போம். குளிச்சுட்டு, பவுடரு போட்டுக்கினு. எங்களப் பாக்கணும்னா பத்து வருசம் பாக்கணும்.”

அரங்கநாதன் அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். எழுதுகிற அம்மாளின் காதில் தலைவர் என்னவோ சொன்னார், அவர்கள் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு எழுதினார்கள்.

கார் போனபிறகு சவுரியம்மாள் பிராமியின் பக்கம் போகவே பயந்தாள். சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் நயினார் வீட்டுப் பெண் சாப்பிடமாட்டாளே என்கிற கவலை பயத்தை ஜெயித்தது. வெங்காயம் போடாத கேப்பை அடை இரண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் நின்றாள்.

“ஒண்ணும் வேணாங்கக்கா,” என்றாள் பிராமி.

சவுரியம்மாள் திகைத்து நின்றாள். இந்த வேணாம் எந்த வேணாம்? அவள் முழிப்பதைப் பார்த்துப் பிராமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து விழுப்புரம் ஆபீசுக்குக் கடிதம் வந்தது. இன்னும் ஐந்து வருடம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த முறை குழு முன்னறிவிப்பு இல்லாமல் வரும். இந்தத் தடவை பிராமி போனில் சொல்லவில்லை. நேரில் வந்து, யார் வந்தாலும் எதையும் கழுவாதீர்கள், எதையும் நிறுத்தாதீர்கள் என்று கோதண்டபாணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அடுத்த மாதம் ஒரு காரில் நாலு பேர் டிப்டாப்பாக வந்து இறங்கினார்கள். டெல்லிதான் என்று நொடியில் பரவிவிட்டது. எப்பவும் போல இருக்கிறோம் என்று காட்டுவதற்காக, எப்போதையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தார்கள். மில் உறுமியது, டிராக்டர்கள் இரண்டு தடவை குறுக்கே போயின, நாலு வீட்டில் வாசலைக் கூட்டினார்கள். வந்தவர்கள் வேணியைப் பெண் பார்க்க மயிலத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். பையன் தும்மிக்கொண்டேதான் பெண்ணைப் பார்த்தான், தும்மிக்கொண்டேதான் பிடித்திருக்கிறது என்றான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சவுரியம்மாள் ஏணியேறினாள். பெட்டி இருநூற்று நாற்பது காட்டியது. நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணம் எழுதினாள்: ‘வேணிக்கு வரன் அமைஞ்சது.’