குட்டைக் குழலுக்கு ஏற்ற மருந்து

மாமனார் ஆகப்போகிறவரிடம் நல்ல பேர் வாங்குவதற்காக ஸ்ரீநிவாசன் செய்த முதல் காரியமே தப்பு. குபெர்டினோவிலிருந்து ஹூஸ்டனுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் வாரக்கணக்கில் துப்பாக்கியைப் பற்றிப் படித்துவிட்டு வந்தான். கொசு அடிக்கிற பேட்டைத் தவிர வேறு ஆயுதம் எதையும் கையால் தொட்டவனில்லை. ஆனால் வான்மதியின் அப்பா வெள்ளியங்கிரி வேட்டைக்குப் போகிறவர், தோட்டாவைக் கடையில் வாங்காமல் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊரில் தன் வீட்டு காரேஜில் தானே வெடிமருந்து நிரப்பிச் செய்துகொள்கிறவர் என்று தெரிந்த பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. எதையும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தே பழகியவன்.

கல்யாணத்துக்கு வான்மதி வைத்த நிபந்தனை ஒன்றுதான். அப்பா சரி என்று சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. இதை அவள் கண் கலங்கியெல்லாம் சொல்லவில்லை, வீட்டு வாடகை விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவனுக்கோ அவள் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால் அந்த மனிதர் தலைகீழாக நிற்கச் சொன்னாலும் நிற்பது என்ற முடிவோடு வந்து இறங்கினான்.

மதியச் சாப்பாட்டில் பேச்சு ரைபிளுக்கும் அதன் குழலுக்கும் வந்தது.

"பேரல வெட்டிட்டேனுங்க தம்பி," என்றார் வெள்ளியங்கிரி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். திட்டுவதானாலும் மரியாதையோடுதான் திட்டுவார், அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். "சட்டம் விடற அளவுக்குத்தான். பன்னி அடிக்கறதுக்கு மரப் பெட்டிக்குள்ள உக்காந்திருப்போமுங்க. நீட்டுத் துப்பாக்கிய உள்ள திருப்பறது ரோதனை."

ஸ்ரீநிவாசனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ பவுடரையும் மாத்தணும் இல்ல அங்கிள்? பேரல் ஷார்ட் ஆச்சுன்னா சீக்கிரம் எரியற பவுடர்தான் நல்லது. ஸ்லோ பவுடர் போட்டா பாதிதான் உள்ள எரியும், மிச்சமெல்லாம் வெளிய வந்து எரியும். நெருப்பும் சத்தமும்தான் ஜாஸ்தியா இருக்கும்."

வான்மதியின் அம்மா சாந்தாமணி ரசக் கரண்டியைப் பிடித்தபடி கணவரைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சேனாபதி, வெள்ளியங்கிரியின் வேட்டைக் கூட்டாளி, அவர் சிரித்தால் மட்டுமே சிரிக்கிற ஆள், இப்போது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்பளத்தை நொறுக்கினார்.

"பரவால்லயே," என்றார் வெள்ளியங்கிரி. "இருவது வருஷமா தோட்டா பண்றேன், எனக்கே பாடம் நடத்தறீங்களே! சாயங்காலம் நீங்களே வந்து சுடுங்க. தோட்டா நாங்க போட்டு வெக்கறோம்."

இப்போது சேனாபதி சிரித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ரீநிவாசன் காபி டம்ளர்களோடு காரேஜுக்குப் போனான். வெள்ளியங்கிரி போன் பேசிக்கொண்டு வெளியே நின்றார். வேலை மேசையில் வான்மதி தராசில் மருந்தை நிறுத்து, ஒவ்வொரு தோட்டாவிலும் கொட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்பாவோடு கூட உட்கார்ந்து பழகிய கை, ஒரு மணி சிந்தவில்லை. மேசைமேல் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும், இரண்டாவது இருந்தால் கை மாறிவிடும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அதன்படி ஒன்றுதான் இருந்தது. ஸ்ரீநிவாசன் பேரைப் படித்தான். நீளக் குழலுக்கென்றே வருகிற, மெதுவாக எரிகிற மருந்து அது.

"வான்மதி, இந்த பேரலுக்கு இது ரொம்ப ஸ்லோ இல்ல?"

"ஸ்ரீனி, டோன்ட் ஸ்டார்ட். டாட் நோஸ்," என்றாள் தலை நிமிராமல்.

அவன் டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு விலகினான். அவருக்கு ஏதோ கணக்கு இருக்கும். நீளமோ குட்டையோ, தோட்டாவின் வேகத்துக்கு மெதுவான மருந்துதான் நல்லது என்று சாதிக்கிறவர்களும் உண்டு என்று அவனே படித்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் கேட்டு வந்த வீட்டில் ஒரே நாளில் இரண்டு முறை பெரியவரைத் திருத்துவது எப்படி? நம் ஆட்கள் மரியாதைக்காக விஷத்தைக்கூடக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பார்கள். அவனும் அந்த வளர்ப்புதான்.

இருட்டு கட்டுகிற நேரத்தில் காட்டில் கால் நட்டு உயரத்தில் நிறுத்தியிருந்த மரப் பெட்டிக்குள் வெள்ளியங்கிரி, சேனாபதி, ஸ்ரீநிவாசன் மூன்று பேரும் ஏணியில் ஏறி உட்கார்ந்தார்கள். ஆள் உட்காரத்தான் இடம், முன்னால் ஒரு சின்ன ஜன்னல். வான்மதி தள்ளி நின்ற டிரக்கிலேயே இருந்துகொண்டாள். காதுக்கு மாட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று ஸ்ரீநிவாசன் வெள்ளியங்கிரியிடம் கேட்டான்.

"காத அடைச்சுட்டா பன்னி வர்றது எப்படிங்க கேக்கும்? பேரல ஜன்னலுக்கு வெளிய நீட்டிராதீங்க, பாத்துட்டு ஓடிப்போயிரும்."

புதரில் ஏதோ அசைந்தது. பன்றியா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. "இப்ப!" என்றார் வெள்ளியங்கிரி. அவன் சுட்டான்.

பெட்டி முழுக்க வெள்ளை நெருப்பு. சத்தம் காதால் கேட்டதாகவே இல்லை, மண்டையில் அடித்தது. குருடாகிவிட்டோம் என்றே நினைத்தான். துப்பாக்கியை விட்டுவிட்டு, "அம்மா!" என்று அலறியபடி கதவை முட்டித் திறந்து, ஏணியில் பாதி இறங்கி மீதி விழுந்து, மண்ணில் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டான். பேன்ட் நனைந்திருந்தது. கண் தெளிந்து பார்த்தபோது மேலே வாசலில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து, இருவரும் காதிலிருந்து மஞ்சள் பஞ்சை உருவி எடுத்தார்கள். டிரக்கில் வான்மதி போனை இவன் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள்.

வீடு வருவதற்குள் வீடியோ சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றுக்கும் போய்விட்டது. பெரிய டிவியிலும் போட்டார்கள். "அம்மா!" வரும்போதெல்லாம் சேனாபதி பின்னால் ஓட்டித் திரும்பவும் போட்டார். சாந்தாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு அவனுக்கு மாற்றுத் துணி கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்ரீநிவாசனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் ரோஷக்காரன் என்பார்கள். இடது காதில் கீச்சென்ற ஓசையைத் தவிர வேறொன்றும் விழவில்லை.

வெள்ளியங்கிரி எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார். "தங்கமான பையனுங்க. இவ்வளவு பண்ணியும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல பாருங்க. எனக்குச் சம்மதம். நிச்சயத்துக்கு நாள் பாக்கலாம்."

இதற்காகத்தான் வந்தான். எல்லாவற்றையும் இதற்காகத்தான் பொறுத்தான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண்கூட நிறைந்தது. சாந்தாமணி பாயசம் எடுக்க உள்ளே ஓடினாள். வான்மதி வலப்பக்கம் வந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா என்னைக் கொன்னே போட்டிருப்பாரு," என்றான் அவளிடம், பாதி விளையாட்டாக.

"டாட் இல்ல, நான்!" அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எது போட்டா பிக்கஸ்ட் ஃபயர்பால் வரும்னு அப்பா கேட்டாரு. ஐ பிக்ட் இட். இயர்ப்ளக் குடுக்காதீங்கன்னு சொன்னதும் நான்தான்."

"ஏன்?"

"கம் ஆன். ஐ ஜஸ்ட் வான்டட் டு சீ. நீ ஓடுவியான்னு."

வெள்ளியங்கிரி செய்ததை அவன் ஆயுசுக்கும் தாங்கியிருப்பான். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். இவள் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் கேட்ட பிறகும் தலை நிமிராமல், அவனுக்கென்று நிறுத்து நிறுத்துப் போட்டிருக்கிறாள். அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

"அங்கிள், சம்மதம் சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ். எனக்கு வேண்டாம்."

"என்னங்க வேண்டாம்? பாயசமா?"

சேனாபதி சிரித்தார்.

"உங்க பொண்ணு."

சேனாபதியின் சிரிப்பு பாதியில் நின்றது. டிவியில் மட்டும் ஸ்ரீநிவாசன் இன்னும் மண்ணில் உருண்டுகொண்டிருந்தான். கிண்ணத்தோடு வந்த சாந்தாமணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஸ்ரீநிவாசன் வான்மதியின் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை, ஒரு சாரி, அவள் சொல்லியிருந்தால் அவன் உட்கார்ந்திருப்பான், அவ்வளவு பைத்தியம் அவனுக்கு. அவளோ, என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பதுபோல அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.