காலில் வைத்த எக்கோ

இனயம் கடற்கரை ஊர்க்காரர் பெனிட்டோ மூச்சிரைக்க அவசரப் பிரிவுக்கு வந்தது, வாயுவுக்கு ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடிவிடத்தான். மீன்பிடி போட்டு அவருக்காகக் கரையில் காத்துக் கிடந்தது. அவருடைய கெட்ட நேரம், டியூட்டியில் தங்கச்சி மகள் டாக்டர் ஜெமி இருந்தாள்.

இடது காலில் மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கெண்டைக்கால் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. காலில் உறைந்த ரத்தம் துண்டாகப் பிய்ந்து கிளம்பி நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது என்று ஜெமிக்குச் சந்தேகம். இப்படியே கடலுக்குப் போனால் திரும்பி வருவது பிணம்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். ஸ்கேன் பார்க்கலாம் என்றாள், மாமா மசியவில்லை. ஸ்கேன் என்றால் தொடையிடுக்கில் துளை போட்டு நெஞ்சுவரை குழாய் விடுவார்கள் என்று ஞானதாசன் சொன்னானாம். ஞானதாசன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். குடும்பத்தில் முதல்முதலாகப் படித்து டாக்டரானவள் சொல்வதைவிட அவன் சொல் பெரிதாகிவிட்டது.

ஜெமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தினாள்.

"போட்டுல மீன் பாக்க எக்கோ வச்சிருக்கீயள்லா மாமா? கடல்ல துளை போட்டா பாக்கீய?"

"சத்தத்த விட்டு, திரும்பி வாற சத்தத்துல பாக்கியது."

"இங்கயும் அதே கூத்துதான். கால நீட்டுங்க."

நீட்டினார். முதலில் நல்ல காலில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தாள். திரையில் ஒரு கறுப்பு வட்டம், அதுதான் ரத்தநாளம். அமுக்கினாள், மூடியது. விட்டாள், திறந்தது. மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் தெற்கே திருப்பு, மெதுவாகப் போ என்று போட்டு ஓட்டுகிற அதிகாரத்தில் உத்தரவு போட ஆரம்பித்தார். அடுத்து வீங்கிய கால். முழங்காலுக்குப் பின்னால் அதே வட்டம். அமுக்கினாள். மூடவில்லை. இன்னும் அழுத்தினாள். ம்ஹும்.

"ஏட்டி, அதுக்குள்ள என்னமோ கெடக்கு."

"ரத்தக்கட்டி மாமா. இதுல பிஞ்ச துண்டுதான் உங்க மூச்ச முட்டுது. குழாய் வேண்டாம், இப்பவே மருந்து தொடங்கலாம்."

மாமா போனை எடுத்துப் போட்டுக்காரர்களிடம், தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காலில் கட்டி கிடப்பதைத் தானே கண்டுபிடித்து டாக்டருக்குக் காட்டிக்கொடுத்ததாகவும் சொன்னார். ஜெமி பல்லைக் கடித்தாள். பெருமை போனால் போகிறது, ஆள் கட்டிலில் கிடக்கிறாரே.

மருந்து ஏற்றிய ஊசியோடு வந்து, சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கச் சொன்னாள்.

"குத்தமாட்டேன்னு சொன்னியே ஏட்டி?"

"குழாய் விடமாட்டேன்னுதான் சொன்னேன். எக்கோல மீனப் பாத்துட்டு வலை போடாம வருவீயளா?"

மாமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சட்டையைத் தூக்கினார்.