ஐந்தாம் பக்கத்துக் கோழி

கவருக்கு மூன்று ஸ்டேப்ளர் பின் என்பது தலைமையாசிரியர் செந்தமிழ்செல்வன் வகுத்த விதி. வாய்ப்பக்கம் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. இரண்டோடு நிறுத்தினால் பிள்ளைகள் விரலை விட்டு நெம்பிவிடுவார்கள், நான்கு போட்டால் பின் தண்டம். இதை அவர் ஒரு காலைக் கூட்டத்தில் ஆசிரியர்களுக்கு விளக்கிச் சொன்னார். ஆசிரியர்கள் என்றால் சந்திரலேகா ஒருத்திதான். இப்போது அதே சந்திரலேகா வகுப்பறைக் கயிற்றருகே நின்று, தான் அடித்த பின்களைத் தானே பேனாக்கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தாள். கடலூரிலிருந்து ஆய்வு அலுவலர் வருகிறார். கயிற்றின் முன்வரிசையில் தொங்கும் பன்னிரண்டு புத்தகங்களுக்கு மட்டும் அன்று ஒருநாள் ஜாமீன்.

புத்தகங்கள் ஜூன் மாதத்திலேயே வந்துவிட்டன. குமராட்சிக்கு அந்தப் பக்கம் மினிபஸ் திரும்புகிற ஊரில், ஐந்து வகுப்பும் இரண்டு அறைக்குள் அடங்கிப்போகிற தொடக்கப்பள்ளி அது. இரண்டு அட்டைப்பெட்டி நிறைய எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகங்கள். பக்கத்துக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் படம். குழந்தைகள் கையில் எடுத்துப் புரட்டவென்றே கெட்டித் தாளில் அச்சடித்தவை. ஆனால் செந்தமிழ்செல்வன் சூடு கண்டவர். முன்பு இருந்த பள்ளியில் ஒரு புத்தகம் யார் வீட்டிலிருந்தோ சாம்பார்க் கறையோடு திரும்பி வந்து, அதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்து, அவர் மூன்று தடவை பதில் எழுதினார். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். சிதம்பரம் ஜவுளிக்கடையில் சொல்லிவைத்து, சேலை போட்டுத் தருகிற கண்ணாடிக் கவர்களை வாங்கி வந்துவிட்டார். ஒவ்வொரு புத்தகமும் ஒரு கவருக்குள் போனது. கவர் கிளிப்பில் மாட்டிக் கயிற்றில் ஏறியது. கயிறு அலுவலர்களின் கண் உயரத்துக்குக் கட்டப்பட்டது. எதிர்ச் சுவரில் அவரே இயற்றிய வாசகம், நீலப் பெயிண்டில்: ‘புத்தகம் தொடாத கை ஒரு கையா?’ அதற்குக் கீழே அட்டையில், சிவப்பு மையில்: ‘அனுமதியின்றித் தொடாதீர்.’

பிள்ளைகள் தொடவில்லை. அண்ணாந்து பார்த்தார்கள். போன மாதம் ஒன்றாம் வகுப்பிடம் சந்திரலேகா ஒரு புத்தகம் வரையச் சொன்னாள். எல்லாரும் ஒரு கட்டம் போட்டு, உள்ளே ஒரு யானையோ தவளையோ போட்டு, மேல் விளிம்பில் மறக்காமல் மூன்று சின்னக் கோடுகளும் போட்டார்கள். அந்தக் கோடுகள் என்னவென்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நோட்டுகளை மூடி வைத்துவிட்டு, பைப்பில் போய்க் கை கழுவினாள். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

தலைமையாசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. வாசிப்பு என்றால் மாவட்டத்தில் அவர் பெயர்தான். கடலூர் செம்மண்டலத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. தடித்தடியான தொகுதிகள், தங்க எழுத்து. சனி ஞாயிறுகளில் இலக்கியக் கூட்டங்களில் ‘குழந்தையும் நூலும்’ என்று முக்கால் மணி நேரம் பேசுவார். அதற்காக வாங்கிய பொன்னாடைகளில் ஒன்றைப் பள்ளி மேசைக்கு விரிப்பாகவே போட்டுவைத்திருந்தார். அந்த அலமாரியின் சாவி எங்கே என்று அவர் மனைவிக்கே தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு. நமக்கெதற்கு.

ஆகஸ்டில் சந்திரலேகா வாய்விட்டே கேட்டாள். பின்னை எடுத்துவிடலாமா சார், வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா, கிழிந்தால் நான் ஒட்டித் தருகிறேன். அவர் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். “ஆய்வு வருது டீச்சர். ஒரே ஒரு புள்ள, அவுரு முன்னாடி ஒரு புத்தகத்த முழுசா படிச்சிக் காட்டட்டும். அப்பறம் நானே என் கையால எல்லாத்தையும் தொறந்து வுடுறேன்.”

இரண்டாம் வகுப்பு பொன்னியை அவள் தேர்ந்தெடுத்தாள். குரல் கணீரென்றிருக்கும், கேட்டதைப் பிடித்துக்கொள்கிற காது. தவளையும் குடையும் பற்றிய புத்தகம். அதைப் பழகுவதற்காகத் திறக்கலாமா என்று கேட்டதற்கு, ஆய்வுக்கு முன் எதற்கு அழுக்காக்க வேண்டும் என்றார். கடைசியில் அவரே கவரிலிருந்து எடுத்து, வினாத்தாளைப் பிடிப்பதுபோலப் பாதி விரித்துப் பிடித்துக்கொள்ள, எட்டு வரிகளையும் மேசை ஓரத்தில் நின்றபடி சந்திரலேகா ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். படங்களை அவள் பார்க்கவில்லை. மூன்று ஐம்பது மினிபஸ்ஸை விட்டால் அண்ணாமலை நகர் போய்ச் சேர இருட்டிவிடும்.

தவளைக்குக் குடை இல்லை, ஒரு புரட்டு. மழை வந்தது, ஒரு புரட்டு. தவளை நத்தையைக் கேட்டது, ஒரு புரட்டு. போன வருஷக் கணக்குப் பயிற்சி நோட்டை மடியில் வைத்துப் பொன்னி பழகினாள். இரண்டே நாளில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், மூடிக்கொண்டே புரட்டினாள். அவர்களுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்துணவு ரத்தினம்மாள் முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “புள்ளைக்குப் படிக்கச் சொல்லிக் குடுக்குறீங்களா, கிளிக்குச் சீட்டு எடுக்கச் சொல்லிக் குடுக்குறீங்களா டீச்சரம்மா?”

சந்திரலேகா நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள். அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு பிள்ளை ஒருநாள் கிளியாக இருந்தால், மிச்சப் பிள்ளைகள் வருஷம் முழுக்கப் பிள்ளைகளாக இருக்கலாம். அந்தக் கணக்கை அவள் மினிபஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் பல தடவை போட்டுப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது.

பத்து மணிக்கு வர வேண்டிய அலுவலர் ஒன்றே காலுக்கு வந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. தட்டில் கைபட்டுப் புத்தகம் கறையாகிவிடக்கூடாதென்று பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் உட்காரவைத்திருந்தார் செந்தமிழ்செல்வன். அலுவலர் நுழைந்ததும் கயிற்றைத்தான் பார்த்தார். நின்றார். ஒரு புத்தகத்தை விரல் நுனியால் திருப்பினார். “பரவால்லியே. நேத்து பிரஸ்ஸுலேருந்து வந்த மாதிரி வச்சிருக்கீங்க. மத்த ஸ்கூல்ல போய்ப் பாருங்க, நார் நாரா கெடக்குது.” தலைமையாசிரியர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கூட வந்தவர் கயிற்றைப் படம் எடுத்தார். பிள்ளைகள் படத்தில் விழவில்லை, கயிறு அவ்வளவு உயரம்.

பொன்னி முன்னால் வந்தாள். தவளைப் புத்தகத்தைக் கவரிலிருந்து உருவி சந்திரலேகா அவள் கையில் கொடுத்தாள். கணக்கு நோட்டைவிட வழுவழுவென்றிருந்ததால் முதலில் சற்றுத் தடுமாறினாள். பிறகு சரியாகிவிட்டது. “தவளைக்குக் குடை இல்லை.” புரட்டினாள். “மழை வந்தது.” கணீரென்று வந்தது. நத்தையும் வந்தது. அலுவலர் கைப்பேசியைப் பார்த்தபடியே தலையாட்டினார். “தவளை நண்டைக் கேட்டது,” என்று சொல்லிவிட்டு அவள் பார்வை எதிர்ப் பக்கத்துக்குப் போனது. அங்கே நின்றுவிட்டது.

ஐந்தாம் பக்கம் முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஒரு கூரை வீட்டின் முகடு மட்டும். முகட்டில் ஒரு கோழி, சிவப்புக் கொண்டை, ஒற்றைக் காலில் நின்றது. ஓரத்தில் தவளை. சொல்ல வேண்டிய வரி, தவளை கோழியைக் கேட்டது என்பது. பொன்னி சொல்லவில்லை. படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு யாரும் பழக்காத ஒரு காரியத்தைச் செய்தாள். முந்தின பக்கத்துக்குத் திருப்பிப் பார்த்தாள், அதற்கும் முந்தின பக்கத்துக்குப் போனாள், அங்கே கோழி இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பி வந்தாள்.

“ம், படிம்மா,” என்றார் அலுவலர்.

பொன்னி நிமிர்ந்தாள். “கோழி எப்பிடி சார் கூரை மேல ஏறுச்சு? அது போடவே இல்ல.”

போன வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தபோது அவர்கள் தெரு முழுக்க இதே அறையில் மூன்று நாள் படுத்திருந்தது. பொன்னி வீட்டுக் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மூடிவிட்டு வந்திருந்தார்கள், நாய் தூக்கிவிடாமல் இருக்க. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது பஞ்சாரம் மட்டும் வேலியில் சிக்கிக் கிடந்தது. வந்து பள்ளியில் எல்லாரிடமும் சொன்னாள். சந்திரலேகாவுக்கு அது இப்போது, இந்த நேரம் பார்த்து, நினைவுக்கு வந்தது.

“அதெல்லாம் அப்பறம். எழுதியிருக்கறதப் படி,” என்றார் அலுவலர்.

பொன்னி பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தாள். அது அவளுக்கு எழுத்தாக மட்டும் தெரிந்தது. மனப்பாடம் செய்த சரடு கோழியிடம் அறுந்து கிடந்தது, எந்த இடத்தில் எடுத்து முடிச்சுப் போடுவதென்று தெரியவில்லை. சந்திரலேகா உதட்டை மட்டும் அசைத்தாள். பொன்னி டீச்சரைப் பார்க்கவே இல்லை, கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் ஒரு புத்தகத்தை அப்படிப் பார்த்ததில்லை. அலுவலர் மணியைப் பார்த்தார்.

பார்வைப் பதிவேட்டில் இரண்டு வாக்கியம் எழுதினார். ‘நூல்கள் மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டுள்ளன. மாணவர்களின் வாசிப்புத் திறன் மேம்பட வேண்டும்.’ இரண்டும் அடுத்தடுத்து, ஒரே பேனாவில். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று மை காய்வதற்குள் யாரும் கேட்கவில்லை. ஜீப் போனதும் முதல் வாக்கியத்தை செந்தமிழ்செல்வன் இரண்டு தடவை உரக்கப் படித்தார். இரண்டாவது வாக்கியத்தைச் சந்திரலேகாவைப் படிக்கச் சொன்னார். படித்தாள்.

“பாத்தீங்களா? படம் இருக்குற புத்தகத்தக் கையில குடுத்தா கவனம் செதறுது. மொதல்ல படிக்கக் கத்துக்கட்டும் டீச்சர், அப்பறம் தொறப்போம்.”

அவர் குரலில் கோபமில்லை. நல்ல பெயர் வாங்கிய மனிதரின் பெருந்தன்மைதான் இருந்தது. மூன்றரைக்குள் பின் போட்டு மாட்டிவிடும்படி சொல்லிவிட்டு, கடலூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். சந்திரலேகா தன் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். இப்போதும் சரியாகத்தான் இருந்தது, விடையைத் தவிர. எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருக்கலாம் என்று மூன்று நல்ல வாக்கியங்கள் அவளுக்குத் தோன்றின, அவர் கேட்டைத் தாண்டிய பிறகு.

ஸ்டேப்ளர் சத்தம் கேட்டுப் பொன்னி வந்து நின்றாள். கையில் சோற்று வாசம். பதினோரு புத்தகம் முடிந்திருந்தது.

“டீச்சர், கோழி எறங்கிடுச்சா?”

சந்திரலேகா எட்டு வரிகளையும் மனசுக்குள் ஓட்டினாள். யாரிடமும் குடை இல்லை. எல்லோரும் நனைந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கோழி இறங்கியதா என்று எந்த வரியிலும் இல்லை. படத்தில் இருக்கலாம், அவள் பார்க்கவில்லை. புத்தகம் கையில்தான் இருந்தது, புரட்டினால் தெரிந்துவிடும். வெளியே மினிபஸ் ஹாரன் அடித்தது. “நாளைக்குச் சொல்றேன்டி,” என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, புத்தகத்தை ஐந்தாம் பக்கத்தில் விரித்து, அட்டையோடு அட்டை சேரப் பின்பக்கமாக மடக்கி, கோழி வெளியே தெரியும்படி கவருக்குள் திணித்தாள். மூன்று பின் போட்டாள். கயிறு தொய்ந்து தாழ்ந்திருந்த மூலையாகப் பார்த்து மாட்டினாள். அவளால் முடிந்த கலகம் அவ்வளவுதான். 

மறுநாள் அவள் வந்து இறங்கியபோது இறைவணக்கத்துக்கு மணி அடித்திருந்தது. பிள்ளைகள் வெளியே வரிசையில் நின்றார்கள். அறைக்குள் பொன்னி மட்டும் இருந்தாள். மூலையில், கால் விரல் நுனியில் எக்கி நின்று கோழியைப் பார்த்தாள். பிறகு கவர்களுக்கு அடியில் குனிந்து நுழைந்து பின்பக்கம் போனாள். அங்கே இருந்தது நாலாம் பக்கம், நண்டு. நண்டைப் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தாள். கோழி அப்படியே ஒற்றைக் காலில் நின்றது. மறுபடி குனிந்து பின்னால் போனாள். அவளுடைய மூச்சுப் பட்டுப் பட்டு இரண்டு பக்கமும் கண்ணாடிக் கவர் வெள்ளையாகப் படர்ந்தது. அவள் பாவாடை ஓரத்தால் துடைத்துவிட்டு, திரும்பவும் முன்பக்கம் வந்தாள்.