காலை விடாத பூட்ஸ்

மருந்துக்கடைக்காரருக்கு அன்று காலை புத்தி புல் மேயப் போயிருந்தது. இல்லாவிட்டால், பழம்பொருள் கண்காட்சிப் போட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில், பொத்திப் பொத்தி வைத்திருந்த போர்க்கால விமானி பூட்ஸை யாராவது காலில் மாட்டுவார்களா? ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கும் ஆசைதான். உள்ளே ஆட்டுரோமம் கதகதவென்று இருந்தது. கண்ணாடி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கழற்றப் போனால் இரண்டு ஜிப்பும் இறங்கவில்லை. சூட்டில் கால் வேறு வீங்கிவிட்டது.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அந்த பூட்ஸைக் கண்டாலே ஆகாது. ஆட்டு வாடை அடிக்கிறது, விற்றுத் தொலையுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறாள். கண்காட்சி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"அந்தக் காலோட பிரேக்கை மிதிச்சீங்கன்னா ஊர் தாங்காது. தள்ளுங்க, நானே ஓட்டுறேன்."

அரங்கில் மற்றவர்களின் பொருள்களெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. இவர் மட்டும் மேஜைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். 'தொடாதீர்கள்' அட்டையை மனைவியே அவர் முழங்காலில் சாய்த்து வைத்தாள். கூட்டம் ஈயாக மொய்த்தது.

"நடந்து காட்டுங்க சார்!"

நடந்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. ஜிப் எது, வார் எது என்று எல்லாம் தெரிந்தவள்போல விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது நடுவர் வந்தார். "உள்பக்கம் பாக்காம மார்க் போட முடியாதுங்க. கழட்டணும்."

"கழட்ட வரலையே சார்."

"கணுக்கால்ல தையல் இருக்குல்ல? விமானம் எதிரி மண்ணுல விழுந்தா, விமானி மேல்பாகத்தை வெட்டி எறிஞ்சிட்டு சாதாரண ஷூவோட தப்பிக்கத்தான் அப்படித் தைச்சிருக்காங்க. வெட்டுனா மதிப்பு குறையும். ஆனா போட்டியில இருப்பீங்க."

மருந்துக்கடைக்காரர் பூட்ஸை ஒரு தடவை தடவிப் பார்த்தார். போட்டிக்குள் நுழையவே அவர் எத்தனையோ வருஷம் காத்திருந்தார். காலோ விண்விண்ணென்று தெறித்தது. நடுவர் கத்தரிக்கோலை நீட்டினார். இவர் கையும் அரைமனதாக நீண்டது.

"அதை உள்ள வைங்க!" மனைவி குறுக்கே பாய்ந்தாள். "பரிசாவது மண்ணாவது! போரையே தாண்டி வந்த பூட்ஸு, இவரு பண்ணுன கூத்துக்கா வெட்டுப்படணும்? வீட்டுல ஐஸ் வெச்சு நான் மெதுவா இறக்கிக்கறேன். ஏங்க, எந்திரிங்க!"

அவருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தொப் தொப்பென்று காருக்கு நடந்தார். பரிசு யாருக்குப் போனது என்று இன்றுவரை அவர் விசாரிக்கவில்லை.