தொண்டைக்குள் ஒரு பிரபஞ்சம்

மாமனார் டம்ளரைச் சாய்த்தார். டீ நகரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். டீ சற்று யோசித்துவிட்டு, மனமில்லாமல் உதட்டை நோக்கிக் கிளம்பியது.

“இது குடிக்கிறதுக்கா, சுவத்துல போஸ்டர் ஒட்டுறதுக்கா?” என்று மருமகளைக் கேட்டார்.

“குடிக்கிறதுக்குத்தான் மாமா. ஒட்டணும்னா இன்னும் ஒரு ஸ்பூன் மாவு போடணும்.”

மருமகள் பெரிய மருத்துவமனை ஒன்றில் விழுங்கல் சிகிச்சையாளர். பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி விழுங்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. “விழுங்குறதுக்கெல்லாமா ஒரு படிப்பு? எங்க குடும்பத்துல பொறந்த அன்னைக்கே எல்லாரும் பாஸ்” என்று கல்யாணப் பேச்சின்போது சிரித்தவர் மாமனார். போன வருடம் அவருக்கே பக்கவாதம் வந்தது. அந்தச் சிரிப்பு அத்துடன் நின்றது.

கை திரும்பி வந்தது, கால் வந்தது, பேச்சும் வந்தது. தொண்டை மட்டும் வரவில்லை. தண்ணீர் போல ஓடும் எதை விழுங்கினாலும் அதில் ஒரு பங்கு வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் எட்டிப் பார்த்தது. அதுவும் இருமல் எழுப்பாமல், பூனை போல. கெட்டியாக இருந்தால் நிதானமாக, வழி பார்த்து இறங்கும். அதற்குத்தான் மாவு. ஒரு நாள் மாமனார் பக்கத்து வீட்டில் நைசாக வாங்கிக் குடித்த சாதா டீ நுரையீரலில் போய் உட்கார்ந்து, காய்ச்சலாகி, அவரைக் கட்டிலில் சாய்த்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர்கள் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மகன் மனைவியிடம் சொன்னான். மாமனாரிடம் யாரும் சொல்லவில்லை.

அவரிடம் சொன்னது வேறு. “ஒரு வாய் தண்ணி விழுங்கிட்டு ‘ஆ’ன்னு சொல்லணும் மாமா. இப்ப உங்க குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கொழகொழன்னு வருது. குரல்வளை மேல தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். அது என்னைக்குத் தெளிவா வருதோ, மறுநாளே எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு சாதா டீக்கு வழி பண்றேன்.”

“வாக்கு மாற மாட்டியே?”

“மாற மாட்டேன்.”

“என் குரலைப் பத்தி எனக்கே பாடமா!” என்றார் அவர். ஓய்வு பெறும்வரை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். பேருந்துகள் நேரத்துக்கு வந்ததில்லை. ஆனால் வராத பேருந்து எது என்பது அவர் குரலில் தெளிவாகத் தெரியும் என்று ஊரே சொல்லும்.

*

பாட்காஸ்ட் யோசனை மருமகளுடையதுதான். வார்டு நர்சுகளுக்காக. வேலைக்கு வரும் வழியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்க, சின்னச் சின்னப் பாடங்கள். நோயாளியை எப்படி உட்கார வைப்பது, எவ்வளவு கொடுப்பது, முக்கியமாக, விழுங்கிய பிறகு குரல் எப்படி மாறுகிறது என்பது. படத்தில் காட்ட முடியாத விஷயம் அது, காதால் கேட்டால்தான் புரியும். ஒரு போனும் கதவு மூடிய அறையும் போதும் என்றாள்.

துறைத்தலைவர் கேட்டார், கனைத்தார், “நல்ல விதை. மரமாக்குவோம்” என்றார். அன்றே அது அவருடையதாகிவிட்டது.

மரமாக்குவதற்கு ஒரு குழு போட்டார்கள். குழுவின் முதல் கூட்டம் நிகழ்ச்சியின் பெயர் பற்றியது. மருமகள் ‘விழுங்கும் முன்’ என்றாள். அதில் கம்பீரம் இல்லை என்றார் தலைவர். ‘விழுங்கியல் விழிப்புணர்வுப் பேரலை’ என்பது அவரே சொன்னது, அவரே உச்சரிக்கத் திணறியதால் கைவிடப்பட்டது. கடைசியில் ‘தொண்டைக்குள் ஒரு பிரபஞ்சம்’ என்று முடிவாயிற்று.

அடுத்த கூட்டம் முகப்பு இசை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் ஓசையை ஒருவர் கொண்டு வந்தார். குழாய் ஒழுகுகிறது என்று கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அது தள்ளுபடியானது. அதற்கடுத்த கூட்டம் தலைவரின் புகைப்படம். காதால் கேட்கிற நிகழ்ச்சிக்குப் புகைப்படம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கூட்டம் நடந்திருக்கும். மனிதத் தொண்டையின் மாதிரிப் பொம்மை ஒன்றைக் கையில் ஏந்தி, தூரத்தைப் பார்த்தபடி தலைவர் நின்றார். கோப்பை வாங்கிய மாதிரி இருந்தது.

“பாடம் எப்ப சார் பேசப் போறோம்?” என்றாள் மருமகள்.

“அதுதான் நீங்க இருக்கீங்களே ம்மா. சின்ன வேலை.”

சின்ன வேலையை அவள் எழுதி முடித்தாள். உதாரணக் குரலுக்கு ஆள் வேண்டும். வீட்டில் கேட்டாள்.

“மைக் முன்னாடியா?” என்றார் மாமனார். மறுநாள் காலை சலவைச் சட்டையில் தயாராக நின்றார். அதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தான் சிறப்பு விருந்தினர் என்று போன் போய்விட்டது.

துறையின் பரிசோதனை அறையில் வைத்துப் பதிவு நடந்தது. வெறும் வாயில் ஒரு ‘ஆ’ சொன்னார். பேருந்து நிலையமே நிமிர்ந்து உட்காரும் ‘ஆ’. பிறகு மருமகள் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னாள். மறுபடி ‘ஆ’. இந்த முறை குரல் கொழகொழத்து, நனைந்து, கரைந்து வந்தது. அவள் உடனே இருமச் சொல்லித் தொண்டையைச் சுத்தம் செய்ய வைத்தாள். பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மருமகளாக அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்து தலைவர் பேசினார். தலைவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கனைப்பார். பெரிய வாக்கியம் என்றால் நடுவிலும் ஒன்று வரும். அவரைப் பற்றிய அறிமுகத்தை அவரே வாசித்தார். அதில் பெரிய வாக்கியங்கள் மட்டுமே இருந்தன. ஒலிப்பதிவாளர் போட்டுக் காட்டியதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

“இது என்னய்யா, டிராக்டர் கிளம்புற மாதிரி?”

“உங்க கனைப்புதான் சார்.”

“எடுத்துடுங்க. ஒரு கனைப்பு, ஒரு இருமல், ஒரு கரகரப்பு இருக்கக் கூடாது. உலகத் தரத்துல வேணும். தொண்டைச் சத்தம் எது வந்தாலும் வழிச்சு எறிஞ்சுடுங்க.”

“முழுசுலயுமா சார்?”

“முழுசுலயும்.”

ஒலிப்பதிவாளர் சொன்னதைச் செய்கிறவர். செய்தார்.

வெளியீட்டுக்கு முன்னால் ஒருமுறை கேட்டுவிடுகிறேன் என்று மருமகள் இரண்டு தடவை கேட்டாள். “நான் கேட்டுட்டேன் ம்மா, பிரமாதம்” என்றார் தலைவர். கேட்டது உண்மை. தன் அறிமுகம் வரைக்கும்.

*

வெளியீட்டு விழா மருத்துவமனை அரங்கில். முன் வரிசையில் இயக்குநரும் வேறு துறைத் தலைவர்களும். பின்னால் நர்சுகள். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவர்களை நாற்காலி நிரப்ப மடக்கிக் கொண்டு வந்திருந்தார்கள். மாமனார் இரண்டாவது வரிசை ஓரத்தில், மருமகள் பக்கத்தில். மேடைக்குப் பக்கத்து மேசையில் பெரிய பிளாஸ்கில் டீ காத்திருந்தது. அவர் பார்வை அதில்தான் இருந்தது.

இயக்குநர் ஒரு பொத்தானை அமுக்கினார். இசை வந்தது. தலைவரின் அறிமுகம் வந்தது, கனைப்பில்லாமல், கண்ணாடி மாதிரி. அது முடிந்தபோது நர்சுகளில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். பிறகு மருமகளின் குரல்: “முதலில் வெறும் வாயில்.”

‘ஆ.’

“இப்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் விழுங்கிய பிறகு. வித்தியாசத்தைக் கவனியுங்கள்.”

‘ஆ.’

அதே ‘ஆ’. அச்சு அசல்.

மருமகள் பின்னால் திரும்பி ஒலிப்பதிவாளரைப் பார்த்தாள். அவர் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, அருகே வந்து குனிந்து கிசுகிசுத்தார். “ரெண்டாவது ‘ஆ’ ரொம்பக் கெட்டுப் போயிருந்துச்சு மேடம். எவ்வளவு வழிச்சும் போகல. முதல் ‘ஆ’வையே எடுத்து ரெண்டாவது இடத்துலயும் ஒட்டிட்டேன்.”

மேடையில் தலைவர் எழுந்தார். “ம்க்கும். கேட்டீர்களா அந்த வித்தியாசத்தை? நுட்பமானது. பழகிய காதுக்கு மட்டுமே பிடிபடும்.”

பழகாத காது தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள முன் வரிசையில் யாருக்கும் விருப்பமில்லை. “தெளிவா கேக்குது” என்றார் எலும்புத் துறைத் தலைவர். “ரெண்டாவதுல ஒரு சோகம் இருக்கு” என்றார் தோல் துறைத் தலைவர். இயக்குநர் கண்ணை மூடித் தலையசைத்தார்.

அப்போது மாமனார் எழுந்தார். கேள்விகளுக்காக வரிசை ஓரத்தில் வைத்திருந்த மைக்கை, பல வருடப் பழக்கத்தில், கேட்காமலே கையில் எடுத்தார்.

“அந்தக் குரல் என்னோடது. ரெண்டு ‘ஆ’வும் ஒண்ணு போல இருக்கு. நான் வாழ்க்கை பூரா குரலை வச்சே பொழைச்சவன், எனக்குத் தெரியும். ஏம்மா, தண்ணி குடிச்சும் என் குரல் தெளிவா இருக்கா இல்லையா?”

அரங்கம் தலைவரைப் பார்த்தது. தெளிவு என்றால், சற்று முன் அவர் கேட்ட நுட்பமான வித்தியாசம் எங்கே? தெளிவில்லை என்றால், இந்த மனிதர் இன்னொரு முறை போடச் சொல்வார். துறையின் வரலாற்றில் முதல் முறையாக அதன் தலைவர் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார்.

இயக்குநர் காப்பாற்றினார். “அப்ப இவர் குணமாயிட்டார்னு அர்த்தம்! பெரிய சாதனை இல்லையா? அவருக்கு ஒரு டீ கொடுங்கப்பா!”

“ம்க்கும். ஆமாம், நம் துறையின் சாதனைதான்” என்றார் தலைவர்.

யாரோ ஒரு கோப்பை டீயைக் கொண்டு வந்து மாமனார் கையில் கொடுத்தார்கள். ஆவி பறக்கும், ஓடுகிற, அசைந்தால் அலையடிக்கிற டீ. அவர் அதைப் பார்த்த பார்வையில் ஒரு வருடம் இருந்தது.

மருமகள் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். சூடு சுட்டது. எடுக்கவில்லை.

“மாமா, வேண்டாம். அது ரெண்டாவது ‘ஆ’வே இல்ல. முதல்ல சொன்னதையே ரெண்டு தடவை ஒட்டியிருக்காங்க.”

“அப்புறம் பேசலாம் ம்மா” என்றார் தலைவர் மேடையிலிருந்து, சிரித்தபடியே. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று துறையில் எல்லாருக்கும் தெரியும். போன முறை அதைப் பார்த்தவர் இப்போது மருந்துக் கிடங்கில் இருக்கிறார்.

“பெரிய டாக்டரே சாதனைங்கறார். நீ வாக்கு மாறுற” என்றார் மாமனார். கோபத்தில் அவர் குரல் உடையப் பார்த்தது.

“மாறல. இங்கயே பாத்துடுவோம். நேரா உக்காருங்க. ஒரே ஒரு ஸ்பூன் டீ, அதுவும் ஆற வச்சு. விழுங்கிட்டு மைக்குல ‘ஆ’ சொல்லுங்க. தெளிவா வந்தா நாளைக்கே எக்ஸ்ரே. வரலைன்னா வீட்டுக்குப் போய் கெட்டி டீ. சம்மதமா?”

மைக்கைப் பார்த்தார். அரங்கத்தைப் பார்த்தார். “சம்மதம்.”

அவள் தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, ஒரு ஸ்பூன் டீயை நாக்கில் வைத்தாள். விழுங்கினார். இருமல் இல்லை. முகத்தில் ஒரு வெற்றிக் களை. மைக்கை உதட்டருகே கொண்டுபோய், பேருந்து நிலையத்துக்கே சொல்கிற மாதிரி ‘ஆ’ என்றார்.

அரங்கின் நாலு மூலை ஒலிபெருக்கிப் பெட்டிகளிலும் அது வந்தது. கொழகொழவென்று, குமிழ் விட்டு, வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் பேசுகிற மாதிரி. தூங்கிய நர்சுகள் நிமிர்ந்தார்கள். இந்த முறை யாருக்கும் பழகிய காது தேவைப்படவில்லை.

மாமனார் மைக்கைக் கீழே இறக்கினார்.

“இருமுங்க மாமா. பலமா. இன்னொரு தடவை. இப்ப எச்சிலை விழுங்குங்க. மறுபடி சொல்லுங்க.”

‘ஆ’ என்றார். இப்போது சுத்தமாக வந்தது. அதில் ஜோர் இல்லை.

தலைவர் கனைத்தார். “நண்பர்களே, பதிவைக் கேட்டோம். நேரிலும் பார்த்தோம். இதுதான் நான் முன்கூட்டியே திட்டமிட்டிருந்த நேரடிச் செயல்விளக்கம்.” கைதட்டல் எழுந்தது. எலும்புத் துறைத் தலைவர் முதலில் எழுந்து தட்டினார்.

ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கி மருமகளிடம் வந்தார். “விழாவையும் பதிஞ்சிருக்கேன் மேடம். இந்தக் கடைசிச் சத்தத்தையும் வழிச்சுடவா?”

“அதைத் தொட்டீங்கன்னா உங்களுக்கும் மாவு டீதான்.”

*

வீட்டுக்கு வந்ததும் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எப்பவும் இப்படித்தான் வருதா?”

“தண்ணி மாதிரி எது குடிச்சாலும் மாமா.”

“எனக்கு உள்ள கேக்கும்போது நல்லாத்தானே இருக்கு. பெட்டியில கேட்டப்பதான்... மழைத்தண்ணி போன மைக் மாதிரி.” சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். “நீ பொய் சொல்றேன்னு நினைச்சிருந்தேன். டீ செலவை மிச்சம் பிடிக்கறேன்னு.”

“மாவு விலை தெரிஞ்சா அப்படி நினைச்சிருக்க மாட்டீங்க.”

பாடம் அந்த வாரமே நர்சுகளுக்குப் போய்ச் சேர்ந்தது, அரங்கத்து ‘ஆ’வோடு. நர்சுகள் தலைவரின் அறிமுகத்தைத் தள்ளிவிட்டு நேரே அந்த இடத்துக்குப் போகக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வார்டில், சாப்பாட்டுக்குப் பிறகு நோயாளிகளை ‘ஆ’ சொல்லச் சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது என்று மருமகளுக்குத் தகவல் வந்தது. தலைவரின் படம் வரவேற்பறையில் மாட்டப்பட்டது.

மாமனாரும் கேட்டார். இரண்டு முறை.

“சிறப்பு விருந்தினர்னு எங்கயுமே சொல்லலையே” என்றார். பிறகு டம்ளரை அவள் பக்கம் நீட்டினார். “சரி, போடு மாவை. நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன், ஒட்டுற அளவுக்குப் போட்டுடாதே.”

மருமகள் அளந்து போட்டுக் கலக்கினாள். அவர் டம்ளரைச் சாய்த்துக்கொண்டு, டீ வருவதற்காகக் காத்திருந்தார். பேருந்துக்குக் காத்திருக்கும் பயணிகளை ஒரு காலத்தில் அவர் அப்படித்தான் காக்க வைத்திருந்தார்.