சில்லிட்ட குப்பி

டெங்கு கண்ட பிள்ளைகளின் இரத்தத்தை ஆராய்கிற அனிஷா, திருச்சி ஆய்வகத்தில் குப்பிகளின் மேல் எண் மட்டுமே எழுதுவாள். பெயர் தெரிந்துவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது.

போன மாதம் மகளைப் பறிகொடுத்த பானுப்ரியா, அரியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த எண் சீட்டை நீட்டினாள். "எம்பொண்ணு ரத்தம் இன்னும் இங்க இருக்காமே. ஒரு தடவ காட்டுங்க மேடம்."

ஆய்வக விதியாவது மண்ணாவது என்று அனிஷா உறைபெட்டியைத் திறந்து, அந்த எண் குப்பியை அவள் கையில் வைத்தாள்.

"அன்னிக்கும் அவ கை இப்படித்தாங்க சில்லுனு இருந்துச்சு. டெங்குல அதுதான் ஆபத்துன்னு தெரியாம, காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றபடி, பானுப்ரியா அதை உள்ளங்கைகளுக்குள் பொத்தி ஊதினாள்.

உருகினால் அந்த இரத்தம் ஆய்வுக்கு உதவாது. அனிஷா திருப்பி வாங்கக் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் இருங்க மேடம். இப்பத்தான் சூடு வருது."