வாசல் ராட்சசியின் கையெழுத்து

"அண்ணியைக் கூட்டிட்டுப் போயேன்" என்று அண்ணன் சொன்னபோது எனக்குப் புரையேறியது.

போக வேண்டியது ஒரு கார்டு விளையாட்டுப் போட்டிக்கு. கார்டு என்றதும் சூதாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கார்டிலும் ஒரு பூதமோ வீரனோ படமாக இருக்கும். கீழே அதன் சக்தி என்னவென்று இரண்டு மூன்று வரி அச்சடித்திருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு வளர்ந்த மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்க மோதிக்கொள்வார்கள். அந்தப் படங்களை வரைகிறவர்களில் நானும் ஒருவன். சுற்றுகளுக்கு நடுவே ரசிகர்களின் கார்டில் கையெழுத்துப் போட்டுத் தர முதல்முறையாக என்னையும் அழைத்திருந்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்க ஒரு ஆளைக் கூட்டி வரலாம் என்றார்கள். வருவதாகச் சொன்ன நண்பன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான்.

"வரிசை நிறுத்த அவளை விட்டா யாரு?" என்றார் அண்ணன்.

அது உண்மைதான். அண்ணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுன்ட்டரில் வேலை. இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டி, ஒற்றைப் புருவத்தை லேசாக உயர்த்தினால் போதும். முண்டியடித்துக்கொண்டு வருகிறவன்கூட நின்ற இடத்தில் நின்றுவிடுவான்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கையையும் புருவத்தையும் நான் வரைந்துவிட்டேன். கார்டின் பெயர் வாசல் ராட்சசி. தோலுக்குப் பச்சை கொடுத்தேன், பல்லை நீட்டினேன். மற்றபடி அது அண்ணியேதான், மூக்கோரத்து மச்சம் உட்பட. இதைத் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தினமும் கண்ணில் படுகிற முகத்தைத்தானே ஒரு ஓவியன் வரைய முடியும்? வேறு இடம் கிடைக்கும்வரை என்று சொல்லி அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்தவன் நான். ஐந்து வருடமாகியும் கிடைத்தபாடில்லை. கார்டு அண்ணி கண்ணில் பட்டால் அந்த அறையையும் மறந்துவிட வேண்டியதுதான். தம்பியா, பெண்டாட்டியா என்று வந்தால் அண்ணன் எந்தப் பக்கம் சாய்வார் என்பது எனக்குத் தெரியும்.

"அவங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போறேன்? வரேன் தம்பி" என்றார் அண்ணி.

மண்டபம் முழுக்க நீள மேசைகள். அத்தனை பேர் இருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை, கார்டுகளைக் கலைக்கிற சரசரப்பு மட்டும்தான். எனக்குக் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். அண்ணியை வரிசையின் வால் பக்கம் நிற்க வைத்துவிட்டால் கார்டு அவர் கைக்கு வராது என்பது என் திட்டம். ஆனால் வால் இருக்க முதலில் வரிசை இருக்க வேண்டுமே! பக்கத்து மேசையில் டிராகன் வரைகிறவர் முன்னால் ஆட்கள் நெளிந்துகொண்டு நின்றார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நம்ம கவுன்ட்டர் இன்னும் திறக்கலையா தம்பி?" என்றார் அண்ணி.

யாரும் வந்துவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். ஒருத்தன்கூட வரவில்லையே என்று இன்னொரு பக்கம் வயிறு எரிந்தது.

முதல் சுற்று முடிந்ததும் திமுதிமுவென்று வந்தார்கள். நான் வரைந்த கார்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். வந்தவர்கள் அத்தனை பேர் கையிலும் ஒரே கார்டு. அண்ணிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வால் பக்கம் போகாமல் நேரே முன்னால் வந்து நின்றார்.

"தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க!"

கை உயர்ந்தது. புருவமும் உயர்ந்தது.

முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் அண்ணியைப் பார்த்தார், கையிலிருந்த கார்டைப் பார்த்தார், மறுபடி அண்ணியைப் பார்த்தார். "அக்கா... இது நீங்களா?"

"எது?" என்று அண்ணி கார்டை வாங்கிக் கண்ணாடியை மாட்டினார்.

நான் மார்க்கரின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

"பல்லு ஏன் இவ்ளோ நீளம்?"

"அது கற்பனை, அண்ணி."

"மச்சம்?"

வழுக்கைத் தலைக்காரர்தான் குறுக்கே பாய்ந்தார். "அக்கா, இன்னிக்கு இங்க ஜெயிக்கிறவங்க எல்லாம் உங்களை வச்சுதான் ஜெயிக்கிறாங்க. நீங்க இறங்கிட்டா எதிராளி அசையவே முடியாது. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்கக்கா!"

அண்ணி என்னிடம் கையை நீட்டினார். மார்க்கரைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் போடுவதுபோல முழுப் பெயரும் எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னை யார் சீண்டினார்கள்?

"சார், கொஞ்சம் நகர்ந்துக்குங்க, அக்காவோட ஒரு போட்டோ" என்றான் ஒருவன். அதை எடுக்கச் சொல்லி போனையும் என் கையிலேயே கொடுத்தான். அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டதென்று வரிசையைக் கலைக்க வந்த தலைமை நடுவரைப் பார்த்து, தலையைக்கூட நிமிர்த்தாமல் அண்ணி கையைத் தூக்கினார். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். மண்டபமே கைதட்டியது. டிராகன்காரரும் எழுந்து வந்து தன் மகளுக்கென்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன்? அந்தப் பச்சைக்காக எத்தனை நாள் மல்லுக்கட்டினேன்! பச்சை நன்றாக இருக்கிறது என்று ஒரு வாய் சொன்னதா?

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு ராட்சசிக் கார்டு அண்ணியின் மடியில் இருந்தது.

"கோவமா அண்ணி?"

"எதுக்கு? விரல்தான் வலிக்குது."

எனக்கு உயிர் வந்தது. அறை தப்பித்தது. அந்த நிம்மதியில், ராட்சசிக்கு ஒரு தங்கை கார்டு வரைந்தால் கம்பெனி வாங்கிக்கொள்ளுமா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணி மறுபடி கண்ணாடியை மாட்டினார். "கீழ எழுதியிருக்கிறதும் நீதானா?"

"இல்லண்ணி. படத்தைப் பாத்துட்டு கம்பெனிக்காரங்க எழுதுவாங்க."

மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். "வாசல் ராட்சசி. இரக்கம் அறியாதவள். இவள் நிற்கும்வரை யாரும் உள்ளே வர முடியாது."

கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்போ உன்னை யாரு தம்பி உள்ள விட்டது?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் நான் பெட்டியோடு போய் நின்றபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "மாடி ரூம் சும்மாதானே கெடக்கு" என்று சொல்லிப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தது அண்ணி. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சம் எந்த ஓரம், புருவம் எங்கே வளையும் என்று கண்ணை மூடிக்கொண்டு வரையுமளவுக்குத் தெரிந்த முகம். அதை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.